ஒரு சீசன் முழுக்க ஒரே அணியோடு

கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர், சேலம் மாவட்டங்களின் இயன்முறை மருத்துவக் கல்லூரி முதல்வர்களுக்கும் உடற்கல்வித் துறைத் தலைவர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரியீர்,

வணக்கம். கோபி வட்டாரத்தில் சிறிய இயன்முறை சிகிச்சை (பிசியோதெரபி) நிலையம் நடத்துகிறவன் நான். கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். உங்கள் கல்லூரியில் உள்ளுறைப் பயிற்சிக்கு வரும் மாணவர் ஒவ்வொருவரையும் ஒரு விளையாட்டு அணியோடு ஒரு சீசன் முழுக்க இருக்கவிடுங்கள். முதல் நாள் பயிற்சியிலிருந்து கடைசி ஆட்டம் வரை, அதே பத்துப் பன்னிரண்டு பேரோடு அவர் இருக்கட்டும். அங்கே அவர் எழுதிவைக்கும் பதிவேட்டை அவருடைய ஆய்வாக ஏற்றுக்கொள்ளுங்கள். மடலின் மிச்சம் எல்லாம் இதற்கான காரணங்களும், நீங்கள் சொல்லப்போகும் மறுப்புகளுக்கு என் பதில்களும்தான்.

"நாங்கள்தான் முகாம் நடத்துகிறோமே" என்பீர்கள். முகாம் எப்படி நடக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். போட்டி தொடங்கும் நாளில் கல்லூரி வேன் வந்து நிற்கும். பந்தல் ஓரத்தில் பிளெக்ஸ் பேனர், ஒரு மேசை, வெள்ளைக் கோட்டுப் போட்ட மாணவர்கள், வலி ஸ்பிரே, பஞ்சு, நீல நிற டேப். வலிக்கிறது என்று வருகிறவனுக்கு ஸ்பிரே அடித்து, தோளில் டேப் ஒட்டி அனுப்புவார்கள். மாலையில் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தியதும் குழுப்படம் எடுத்துக்கொண்டு வேன் கிளம்பிவிடும். டேப் ஒட்டிய அந்தத் தோள் மறுநாள் காலையில் எப்படி இருந்தது என்று வேனில் போனவர் ஒருவருக்கும் தெரியாது. ஆண்டறிக்கையில் 'பயனடைந்தோர்' என்ற இடத்தில் ஓர் எண் ஏறும். தர மதிப்பீட்டுக் குழு வந்தால் எடுத்துக் காட்டலாம். மாணவருக்குக் கிடைத்தது ஒரு சான்றிதழும் ஒரு மதியச் சாப்பாடும்.

நம் வட்டாரத்தில் படிப்புக்கும் பஞ்சமில்லை, ஆட்டத்துக்கும் பஞ்சமில்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் ராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தின் மாருதி உடற்கல்வியியல் கல்லூரி 1956 முதல் ஆசிரியர்களை உருவாக்கி அனுப்புகிறது. கோவை, ஈரோடு, குமாரபாளையம் என்று இயன்முறை மருத்துவக் கல்லூரிகள் வரிசையாக இருக்கின்றன. இந்தப் பக்கம் தை பிறந்துவிட்டால் ஊருக்கு ஊர் கபடி. கோடையில் கரூரிலும் கோவையிலும் அகில இந்தியக் கூடைப்பந்து. கோயில் நோன்பு சாட்டினால் கூடவே வாலிபால் கம்பமும் நட்டுவிடுகிறார்கள். கோவைப் பெண் வித்யா ராம்ராஜ் 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் 400 மீட்டர் தடை ஓட்டத்தை 55.42 நொடியில் முடித்து, 1984 லாஸ் ஏஞ்சல்ஸில் பி.டி. உஷா வைத்த தேசிய சாதனையைச் சமன் செய்தார். இத்தனையும் அருகருகே இருந்தும் இரண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. கல்லூரிச் சுவரின் ஒரு பக்கம் முழங்காலைப் பற்றிப் பாடம் நடக்கிறது. மறுபக்கத்து மைதானத்தில் முழங்கால் போய்க்கொண்டிருக்கிறது.

மாணவர் என்ன பார்க்கிறார்? மருத்துவமனைப் பிரிவில் பக்கவாதம், மூட்டு மாற்று அறுவை செய்துகொண்டவர்கள், கழுத்து வலி, உறைந்த தோள். எல்லாம் தேவையான கல்விதான், குறை சொல்லவில்லை. ஆனால் விளையாட்டுக் காயத்தோடு ஓர் ஆட்டக்காரன் அந்த வாசலுக்கு எப்போது வருகிறான்? விழுந்து மூன்று வாரம் கழித்து வருகிறான். அதற்குள் எண்ணெய் போட்டு உருவியாயிற்று, சுளுக்கு எடுத்தாயிற்று, இடையில் இரண்டு ஆட்டமும் ஆடியாயிற்று. "கரண்ட் வைத்தால் சரியாகிவிடுமா சார்?" என்று கேட்டுக்கொண்டு வருகிறவனுக்கு மாணவர் கரண்ட் வைக்கிறார். அவன் எப்படி விழுந்தான், விழுந்த பின் எழுந்து நடந்தானா, அது அன்றைய எத்தனையாவது ஆட்டம் என்பதெல்லாம் அவருக்குச் செவிவழிச் செய்தி.

உடற்கல்வி படிப்பவர் கதை இதற்கு நேர் எதிர். விழுவதை அவர் அன்றாடம் பார்ப்பார். இரண்டாண்டு பி.பி.எட். படிப்பில் விளையாட்டு மருத்துவம், இயன்முறை சிகிச்சை, மறுவாழ்வு என்று தாளும் இருக்கிறது. எலும்புகளின் பெயரெல்லாம் படம் பார்த்து மனப்பாடமாகத் தெரியும். ஆனால் வீங்கிய கணுக்கால் ஒன்றில், எங்கே விரல் வைத்து அழுத்த வேண்டும் என்று அவர் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தவர் யாரும் இல்லை.

அந்தக் கணுக்காலைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். கபடியில் பாடிப் போகிறவனின் கணுக்காலைப் பிடித்து மடக்குவது அன்றாடக் காட்சி. பாதம் உட்புறம் மடங்கி, சில நிமிடங்களில் எலுமிச்சை அளவுக்கு வீங்கிவிடும். எலும்பா, ஜவ்வா? 1992இல் கனடாவின் ஒட்டாவாவில் இயன் ஸ்டீல் என்ற அவசரப் பிரிவு மருத்துவரின் குழு 750 நோயாளிகளை ஆராய்ந்து இதற்கு ஒரு வழி சொன்னது. கணுக்காலின் இருபுறமும் துருத்தி நிற்கும் எலும்பின் பின்விளிம்பை, நுனியிலிருந்து ஆறு சென்டிமீட்டர் உயரம் வரை அழுத்த வேண்டும். பிறகு பாதத்தின் வெளியோரத்தில், சுண்டுவிரலிலிருந்து பின்னோக்கித் தடவிக்கொண்டே வந்தால் நடுவில் மேடாகத் தட்டுப்படும் எலும்பு. பிறகு உட்புறம், பாத வளைவின் உச்சியில் உள்ள எலும்பு. கடைசியாக, நொண்டிக்கொண்டாவது நான்கு அடி எடுத்துவைத்து நடக்க முடிகிறதா என்று பார்க்க வேண்டும். அழுத்திய இடங்களில் எலும்பு வலி இல்லை, நான்கு அடி நடக்கிறான் என்றால் எலும்பு முறிந்திருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு. எக்ஸ்ரேவுக்கு ஓட வேண்டியதில்லை. வலியோ நடக்க முடியாமையோ, ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். பள்ளிப் பிள்ளைகளிடமும் இது நம்பத் தக்கதாகவே இருப்பதைப் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டின. கருவி வேண்டாம், கரண்ட் வேண்டாம். ஒரு கட்டைவிரல் போதும்.

இது உங்கள் பாடநூலில் இருக்கிறது. உங்கள் மாணவர் தேர்வில் பிழையில்லாமல் எழுதுவார். அந்தியூர்ப் பக்கமோ தாராபுரம் பக்கமோ இரவு பதினொரு மணிக்கு, இரண்டு பக்கமும் ஆட்கள் கத்திக்கொண்டிருக்க, விளக்கு வெளிச்சத்தில் மண் ஒட்டிய காலில் இதைச் செய்ய அவருக்குக் கை வருமா? வராது. ஒரே அணியோடு மூன்று மாதம் இருந்தால் வந்துவிடும். பக்கத்தில் நின்று பார்க்கும் உடற்கல்வி ஆசிரியருக்கும் வந்துவிடும். என் பார்வையில் இரண்டாவதுதான் பெரிய லாபம். மாணவர் அடுத்த ஆண்டு வெளிநாட்டுக்குக்கூடப் போய்விடுவார். ஆசிரியர் ஓய்வு பெறும்வரை இங்கேயே இருப்பார்.

முழங்கால் விஷயம் இன்னும் மோசம். அரசுப் பள்ளி மாணவி ஒருத்தி, கபடியில் இடது முழங்காலின் ஏ.சி.எல். ஜவ்வு அறுந்து நகரத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு வந்தாள். கையில் இருந்த அறிக்கையின் கடைசியில் ஆங்கிலத்தில் ஒரே வரி: கடினமான செயல்களைத் தவிர்க்கவும். எவ்வளவு காலம், எது கடினம், எப்போது ஓடலாம், எப்போது பாடிப் போகலாம் என்று ஒன்றும் இல்லை. ஐந்தாம் மாதம் அவளுடைய அப்புச்சி (அம்மாவின் அப்பா) அழைத்து வந்தார். "வலியெல்லாம் போய்விட்டதுங்க. கண்ணு நன்றாக ஓடுகிறாள். அடுத்த வாரம் மாநில அணிக்குத் தேர்வு. அனுப்பட்டுமா?" என்று கேட்டார்.

என் நிலையத்தில் விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. சிமென்ட் தரையில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். தையல்காரர் டேப்பை நீட்டினேன். ஒற்றைக் காலில் எம்பிக் குதித்து அதே காலில் நிலைத்து நிற்கச் சொன்னேன். நல்ல காலில் 120 சென்டிமீட்டர் போனாள். அறுவை செய்த காலில் 80தான். மூன்றில் இரண்டு பங்கு. களத்துக்குத் திரும்ப 90 விழுக்காடாவது வேண்டும் என்பது உலகம் ஏற்றுக்கொண்ட அளவு. தூரத்தைவிட, தரையிறங்கும்போது அந்த முழங்கால் உட்பக்கமாகச் சரிந்த விதம்தான் எனக்குக் கவலை தந்தது. முட்டிச் சில்லுக்குப் பத்து சென்டிமீட்டர் மேலே தொடையைச் சுற்றி அளந்தால் இரண்டு கால்களுக்கும் கண்ணுக்கே தெரிகிற வித்தியாசம். 2016இல் வெளியான நார்வே ஆய்வு ஒன்று, அறுவைக்குப் பின் களம் திரும்புவதை ஒன்பது மாதம் வரை தள்ளிப்போடும் ஒவ்வொரு மாதமும் முழங்கால் மீண்டும் காயம்படும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. அவள் ஐந்தாவது மாதத்தில் நின்றுகொண்டிருந்தாள். வலி போவது வேறு, ஜவ்வு தயாராவது வேறு என்று அப்புச்சிக்குப் புரியவைக்க ஒரு காபி குடிக்கும் நேரம் ஆயிற்று.

அன்று சாயங்காலமே அவளுடைய உடற்கல்வி ஆசிரியரிடம் பேசினேன். அவருக்கு இதில் எதுவும் தெரியாது. அறுவை செய்த மருத்துவர் சொல்லவில்லை, முதலில் பயிற்சி கொடுத்த இடத்தில் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றவும் இல்லை. தேர்வுக்கு அனுப்பலாமா கூடாதா என்று முடிவெடுக்கும் ஒரே மனிதர் அவர்தான், அவருக்கு மட்டும் தகவல் இல்லை. மறுநாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். குதித்து அளக்கும் முறையை எழுதிக்கொண்டார். ஒரு வாரத்தில் தன் அணி முழுவதையும் அளந்துவிட்டு, காயமே படாத இன்னொரு பெண்ணும் தரையிறங்கும்போது அதேபோல முழங்காலை உள்ளே சரிக்கிறாள் என்று போன் செய்தார். காயத்துக்கு முன்பே ஒரு முழங்காலை அவர் கண்டுபிடித்துவிட்டார். இந்த வேலைக்கு உங்கள் மாணவர் அங்கே இருந்திருக்க வேண்டும். (அந்த மாணவி அந்த ஆண்டு தேர்வுக்குப் போகவில்லை. அழுதாள். என்னோடு இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அது அவள் உரிமை.)

இனி ஆய்வேடுகள். இதில் இரு துறைகளுக்கும் சம பங்கு உண்டு. உடற்கல்வித் துறையில் தலைப்பு அச்சு வார்த்தது போல வரும்: 'கல்லூரிக் கபடி வீரர்களின் தேர்ந்தெடுக்கப்பட்ட உடல்திறன் மாறிகளில் பிளையோமெட்ரிக் பயிற்சியின் விளைவு.' இயன்முறை மருத்துவத்தில் முப்பது பேர், இரண்டு குழு, குழுவுக்குப் பதினைந்து, ஆறு வாரம், முன்தேர்வு, பின்தேர்வு. பயிற்சி பெற்ற குழு பெறாத குழுவைவிட முன்னேறியது என்பது முடிவு. முன்னேறாமல் என்ன செய்யும்? அந்த முப்பது பேரில் எத்தனை பேர் அடுத்த சீசன் ஆடினார்கள் என்று எந்த ஆய்வேட்டிலும் நான் பார்த்ததில்லை. கறுப்பு அட்டை போட்டு, பொன் எழுத்துப் பொறித்து, வாய்மொழித் தேர்வு முடிந்ததும் அது நூலக அலமாரிக்குப் போகும். அதில் ஆடியவனுக்கோ அவனுடைய ஆசிரியருக்கோ ஒரு பக்கக் குறிப்புக்கூடத் தமிழில் போய்ச் சேருவதில்லை.

பதினைந்து பேர் என்ற எண்ணைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம். 1998இல் சுவீடனின் ஹாக்கன் ஆல்ஃபிரட்சன் குதிகால் நாண் வலியைப் பற்றி வெளியிட்ட ஆய்விலும் சிகிச்சைக் குழுவில் பதினைந்து பேர்தான். அதன் பின்னணியாக அவரே சொல்லிவந்த கதை இது: அவருக்கே அந்த வலி. அறுவை செய்துவிடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்டார், அவர் மறுத்துவிட்டார். நாண் அறுந்தே போகட்டும், அப்போதாவது செய்வார்களே என்று வலிக்க வலிக்கக் குதிகாலை இறக்கி இறக்கிப் பயிற்சி செய்தார். அறுவதற்குப் பதிலாக வலி குறைந்தது. அதைப் பதினைந்து ஓட்டக்காரர்களிடம் பன்னிரண்டு வாரம் செய்து பார்த்தார். ஒரு நாளைக்கு 180 முறை, படிக்கட்டு விளிம்பில் குதிகாலை மெல்ல இறக்குவது. பதினைந்து பேரும் ஓடத் திரும்பினார்கள். இன்று உலகெங்கும் குதிகால் நாண் சிகிச்சையின் அடிப்படை அதுதான். கேள்வி வலித்த காலிலிருந்து வந்தது. பழைய ஆய்வேட்டின் தலைப்பில் ஒரு சொல்லை மாற்றிப்போட்டு வந்ததல்ல.

நம் மாணவர் எந்தக் கேள்வியை எழுப்பலாம்? மிக எளிய ஒன்றைச் சொல்கிறேன்: நம் ஊர்க் கபடியில் என்னென்ன காயம், எவ்வளவு, எப்போது? சர்வதேச ஒலிம்பிக் குழு 2020இல் காயங்களை எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு பொது வரைமுறையே வெளியிட்டிருக்கிறது. தேதி, ஆட்டத்தின் எந்த நேரம், மண் தரையா மேட் விரிப்பா, பாடிப் போகையிலா பிடிக்கையிலா, எந்த உறுப்பு, எத்தனை நாள் ஆட்டத்துக்கு வெளியே. இவ்வளவுதான் எழுத வேண்டும். கணக்கு ஆயிரம் ஆட்ட மணிக்கு இத்தனை காயம் என்று வரும். பக்கத்துக்கு ஏழு பேர், ஆளுக்கு நாற்பது நிமிடம். ஓர் ஆட்டம் முடிந்தால் ஒன்பதேகால் மணிக்குக் கொஞ்சம் மேல் சேர்ந்துவிடும். 36 அணிகள் வரும் நாக்-அவுட் தொடரில் 35 ஆட்டம். மூன்று தொடரைப் பின்தொடர்ந்தால் ஏறத்தாழ ஆயிரம் மணி. ஊர்த் தொடர்களில் நேரத்தைச் சுருக்குவார்கள், ஆகையால் ஐந்து தொடர் என்று வைத்துக்கொள்வோம். தை, மாசி இரண்டு மாதத்தில் ஒரு மாணவரால் முடிகிற வேலை. பத்து மாணவர் பத்துத் தாலுகாவில் செய்தால், இந்த மண்ணின் ஆட்டத்தைப் பற்றி நாமே சொல்லிக்கொள்ள ஒரு கணக்கு இருக்கும். இப்போது ஐரோப்பிய கால்பந்துக் கணக்கை வைத்துக்கொண்டு கபடிக்குப் பாடம் எடுக்கிறோம்.

அந்தப் பதிவேட்டில் ஒரு கட்டத்தைக் கூடுதலாகச் சேர்க்கும்படி மாணவர்களிடம் சொல்வேன்: முந்தைய இரவு எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் தூக்கம். நம் ஆட்டக்காரர்களில் பலர் மாணவர்கள் அல்ல. திருப்பூரில் பனியன் கம்பெனி, சோமனூரிலும் பள்ளிபாளையத்திலும் விசைத்தறி, பெருந்துறையில் சிப்காட். சனிக்கிழமை நைட் ஷிஃப்ட் முழுக்கத் தறிக்கு முன்னால் நின்றுவிட்டு, விடிந்ததும் குளித்து, வேனில் உட்கார்ந்தபடியே தூங்கி, ஞாயிறு மதியம் முதல் ஆட்டத்துக்கு இறங்குகிறான். உங்கள் பாடத்தில் பயிற்சிப் பளு என்று ஓர் அத்தியாயம் இருக்கிறது. ஓட்டம், எடை, குதித்தல் எல்லாம் அதில் பளு. பன்னிரண்டு மணி நேரம் சிமென்ட் தரையில் நின்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? "இரண்டு நாள் ஓய்வெடு" என்று நான் சொன்னால், "ஆட்டத்துக்கா, தறிக்கா?" என்று திருப்பிக் கேட்கிறான். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு விடை எந்தப் பாடநூலிலும் இல்லை. மூன்று மாதம் அவனோடு வேனில் போய் வந்த மாணவர்தான் அதை எழுத முடியும். அவனுடைய ஷிஃப்டுக்கு ஏற்ற பயிற்சி அட்டவணையை, ஓனரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளக்கூடிய நாட்களையும் சேர்த்து, அவர்தான் போட முடியும்.

களத்துப் பழக்கங்களிலும் திருத்த வேண்டியது நிறைய. வீங்கிய உடனே சூடாக எண்ணெய் போட்டு உருவுவது இன்னும் நடக்கிறது. ஐஸ் வைத்தால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்திவைத்தல் என்ற சூத்திரத்தை 1978இல் தந்த கேப் மிர்கினே 2014இல், ஐஸும் முழு ஓய்வும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று எழுதிவிட்டார். தொடைப் பின்தசைக்கு நார்டிக் பயிற்சி என்று ஒன்று இருக்கிறது: மண்டியிட்டு, பின்னால் ஒருவன் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, உடலை வளைக்காமல் முன்னால் மெல்லச் சாய்வது. முறையாகச் செய்யும் அணிகளில் அந்தத் தசைக் காயம் ஏறத்தாழ பாதியாகக் குறைவதாகத் தொகுப்பாய்வுகள் சொல்கின்றன. கணுக்காலைப் பிடிக்க ஆள் கிடைக்காத கபடி அணி உண்டா? தலையில் அடிபட்டுத் தடுமாறுகிறவன் அன்று மறுபடி களமிறங்கக் கூடாது என்பதை மட்டும் விழாக் குழுவினருக்கு மைக்கிலேயே சொல்லிவிடலாம்.

மேலே போய்விட்டவர்களுக்கு எல்லாம் கிடைக்கிறது. சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டியின் நடராஜனுக்கு 2021இல் முழங்கால் அறுவை நடந்தபோது கிரிக்கெட் வாரியத்தின் மருத்துவக் குழு பின்னால் நின்றது. நிற்க வேண்டியதுதான். அவர் சின்னப்பம்பட்டியில் டென்னிஸ் பந்தில் வீசிக்கொண்டிருந்த வயதில் யார் நின்றிருப்பார்கள்? அதே மாவட்டத்துப் பெரியவடகம்பட்டியின் மாரியப்பன், ஐந்து வயதில் பஸ் ஏறி வலது கால் நசுங்கிய பிள்ளை. வாலிபால் ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொன்னவர் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். 2016 ரியோ பாராலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வந்தது. நம் கிராமங்களில் ஒரு பிள்ளையின் உடம்பை முதன்முதலில் உற்றுப் பார்க்கும் படித்த கண் உடற்கல்வி ஆசிரியருடையது. அதனால்தான் இந்த மடலை இயன்முறை மருத்துவக் கல்லூரிகளுக்கு மட்டும் எழுதாமல் உடற்கல்வித் துறைகளுக்கும் சேர்த்து எழுதுகிறேன். (அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்காமல், பி.டி. பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்கும் பள்ளிகளைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும். நாமக்கல் பக்கத்துப் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள்.)

உங்கள் மறுப்புகள் எனக்குத் தெரியும். பாடத்திட்டத்தில் இடம் இல்லை என்பீர்கள். இதுவரை நான்கு ஆண்டுப் படிப்பும் ஆறு மாத உள்ளுறைப் பயிற்சியும் இருந்தன. அப்போது அந்த வாதத்தில் நியாயம் இருந்தது. 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, இயன்முறை மருத்துவம் போன்ற துணை மருத்துவத் துறைகளுக்காக அமைந்த தேசிய ஆணையத்தின் புதிய பாடத்திட்டம் உள்ளுறைப் பயிற்சியை ஓராண்டாக்குகிறது. கூடுதலாக வரும் ஆறு மாதத்தையும் அதே வார்டுகளில் இருமடங்கு நாள் நிற்கவைத்துக் கழித்துவிடாதீர்கள் என்றுதான் இப்போதே கேட்கிறேன். சாயங்காலப் பயிற்சியும் வார இறுதி ஆட்டமும்தான் அணியின் நேரம். பகலில் அவர் வார்டிலேயே இருக்கலாம்.

வகுப்பில் பெண்கள்தான் அதிகம், இரவு ஆட்டத்துக்கு எப்படி அனுப்புவது என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இரவுக் கபடிக்கு அனுப்ப வேண்டாம். அரசுப் பெண்கள் பள்ளிகளின் வாலிபால், கோகோ, தடகள அணிகள் காலையிலும் மாலையிலும் பயிற்சி எடுக்கின்றன. அங்கே பெண் பிசியோதெரபிஸ்ட் ஒருவரைப் பார்த்தாலே போதும் என்று ஏங்குகிற ஆசிரியைகள் இருக்கிறார்கள். பதினான்கு வயதுப் பெண் தன் இடுப்பு வலியை, மாதவிலக்கை, சாப்பிடாமல் ஓடி மயங்குவதை ஆண் பயிற்சியாளரிடம் சொல்வாளா?

மாணவரை இலவச வேலையாளாக்கிவிடுவார்கள் என்ற அச்சம் எனக்கும் உண்டு. விழாக் குழுவினர் கோப்பைக்கும் பட்டாசுக்கும் செலவழிப்பதைப் பார்த்தவன் நான். அணிக்கு வரும் மாணவருக்குப் பஸ் செலவும் சாப்பாடும் விழாக் குழுவோ பள்ளியோ தர வேண்டும். உதவித்தொகையைக் கல்லூரி நிறுத்தக் கூடாது. மேற்பார்வைக்கு ஆசிரியர் ஒருவர் வாரம் ஒரு முறையாவது களத்துக்கு வர வேண்டும். வர இயலாது என்றால் எங்களைப் போலச் சிறு ஊர்களில் நிலையம் நடத்துகிறவர்களிடம் ஒப்படையுங்கள். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், சம்பளம் கேட்க மாட்டோம்.

சிக்கலானது அதிகாரம். காயம்பட்டவன் ஆடலாமா என்பதை இருபத்திரண்டு வயது மாணவர் சொன்னால் பயிற்சியாளர் கேட்பாரா? இறுதி ஆட்டம், பரிசுத் தொகை, ஊர் மானம் எல்லாம் ஒரு பக்கம். முதல் மாதம் கேட்க மாட்டார். அணியோடு வேனில் போய், அவர்கள் சாப்பிடுமிடத்தில் சாப்பிட்டு, தோற்ற இரவும் கூட இருந்தவர் சொன்னால் மூன்றாம் மாதம் கேட்பார். நம் ஊரில் பேச்சுக்கு மதிப்பு வருவது அப்படித்தான். முகாமுக்கு வந்து போகிறவருக்கு அது வராது. எழுத்தில் ஒரு பாதுகாப்பும் வேண்டும்: தலைக்காயம், எலும்பு முறிவு சந்தேகம், அறுவைக்குப் பின் திரும்புதல் ஆகிய மூன்றில் மட்டும், மாணவரும் உடற்கல்வி ஆசிரியரும் சேர்ந்து கையெழுத்திட்டால்தான் ஆடலாம் என்று ஒரு தாள். போட்டி அமைப்பாளரும் அதில் கையெழுத்திடட்டும்.

தேர்வு முறையிலும் ஒன்று மாற வேண்டும். சீசன் முடிந்ததும் நடக்கும் வாய்மொழித் தேர்வில் அந்த அணியின் உடற்கல்வி ஆசிரியரையும் உட்காரவையுங்கள். அவர் கேட்கும் கேள்வி எளிமையாக இருக்கும்: "அந்தப் பையனை மூன்றாவது ஆட்டத்தில் ஏன் உட்காரவைத்தீர்கள்?" அதற்குத் தமிழில், அவருக்குப் புரியும்படி பதில் சொல்லத் தெரிந்தால் மாணவர் தேர்ந்துவிட்டார் என்று எடுத்துக்கொள்ளலாம். அதேபோல உடற்கல்வி மாணவர்களை உங்கள் வெளிநோயாளிப் பிரிவுக்குச் சில வாரம் அனுப்பச் சொல்லுங்கள். ஒருவர் வருவதற்கு ஈடாக மற்றவர் போகட்டும். செலவும் இல்லை, கடிதப் போக்குவரத்து ஒன்றுதான்.

தை முதல் வாரத்தில் ஆட்டங்கள் தொடங்கிவிடும். அணிகள் ஐப்பசி மழை ஓய்ந்ததும் பயிற்சிக்கு இறங்கும். கார்த்திகைக்குள் மாணவர் பெயர்கள் வந்துவிட்டால் எங்கள் வட்டாரத்தில் அணி பிரித்துக் கொடுத்துவிடலாம். ஏற்றுக்கொள்ளத் தயாராக இருப்பவர்களிடம் பேசிவைத்திருக்கிறேன். தங்குவதற்கு ஓர் அணியின் தலைவர் தன் தோட்டத்து வீட்டின் மாடி அறையைத் தருகிறார். பெண்கள் வாலிபால் அணி ஒன்றின் ஆசிரியை, மாணவிதான் வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். அங்கே பயிற்சி காலை ஐந்தரைக்கு. முதல் டவுன் பஸ் ஆறே காலுக்குத்தான் வரும் என்பதால், மாணவியைத் தானே ஸ்கூட்டரில் அழைத்துப் போய்க்கொள்வதாகவும் சொன்னார்.

இங்ஙனம்,
கோபி வட்டாரத்து இயன்முறை மருத்துவர் ஒருவர்